கல்யாணப் பாய் ஆர்டர் கூடிய விதம்

பத்தமடையில் பாய்க்கடை வைத்திருக்கிறேன். சில மாதம் பெண், மாப்பிள்ளை பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கு ஆர்டர் குவியும், சில மாதம் ஈ ஓட்ட வேண்டியதுதான். முகூர்த்தம் மட்டும்தான் காரணமா என்று பார்க்க, பில் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் யார் சொல்லி வந்தார்கள் என்று எழுத ஆரம்பித்தேன்.

பலரும் சொன்னது ஒரே பதில்: தறியில் எடுத்த படம். ஆர்டர் கொடுத்த ஒரு அக்கா, "அண்ணாச்சி, பொண்ணு மாப்பிள்ளை பேரு விழுந்ததும் ஒரு படம் அனுப்புதியளா?" என்று கேட்டதால் வாட்ஸப்பில் அனுப்பியது. அது அவர்கள் சொந்தக்காரர் குரூப்பெல்லாம் சுற்றியிருக்கிறது. முடிந்த பாயின் படத்துக்கு இந்த வேகம் இல்லை. பட்டுப் பாய்க்குக் கோரைப் புல்லை எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறோம் என்பது பாதி நெய்த தறியில்தான் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது எழுத்து விழுந்ததும் நெய்கிற அக்காவே படம் எடுத்துவிடுகிறார். காலை வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும், அப்போதுதான் கோரையின் மினுமினுப்பு வரும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் ஆவணிக்கு அப்போதே விசாரிப்பார்கள். அதனால் ஆடி பிறந்ததுமே பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிடுகிறேன். நோட்டீஸ் அடிப்பதை நிறுத்தியாயிற்று. அதைப் பார்த்து வந்ததாக பில் புத்தகத்தில் ஒரு பெயர்கூட இல்லை.