முன்னாள் பிரதமர் மீது வழக்கு: செய்தியை எப்படிப் படிப்பது?

பதவியிழந்த தலைவர் ஒருவர் கைதாகும் நாளில் ஒரு தரப்பு ‘சட்டம் தன் கடமையைச் செய்கிறது’ என்னும், மறுதரப்பு ‘அரசியல் பழிவாங்கல்’ என்னும். இவ்விரண்டிலிருந்தும் அந்த வழக்கைப் பற்றி நமக்கு எதுவும் தெரியவருவதில்லை. வழக்கு நீதிமன்றத்தில் நிற்குமா, நின்றாலும் அதைத் தொடுத்த அரசுக்கு அதனால் என்ன நேரும் என்று கணிக்க விரும்புகிறவர் எவற்றைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதை, இந்திரா காந்தி மீது 1977 முதல் 1980 வரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை முன்வைத்துச் சொல்கிறேன்.

முதலில் முதல் தகவல் அறிக்கையில் என்ன குற்றம் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மக்கள் அந்தத் தலைவர்மீது கொண்டிருக்கும் கோபத்தின் காரணமும் அறிக்கையில் உள்ள குற்றமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே முதற்கேள்வி. 1975–77 நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளித்த மிசா சட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் சிறையிலடைக்கப்பட்டதும், பத்திரிகைகள் தணிக்கை செய்யப்பட்டதும், கட்டாயக் கருத்தடை நடந்ததுமே 1977 மார்ச் தேர்தலில் இந்திராவைத் தோற்கடித்தன. ஆனால் அவ்வாண்டு அக்டோபர் 3 அன்று சிபிஐ அவரைக் கைது செய்தபோது சுமத்திய குற்றச்சாட்டுகள், தேர்தல் பிரச்சாரத்துக்கு ஜீப்புகள் பெற்றதையும் ஒரு பிரெஞ்சு எண்ணெய் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் அளித்ததையும் பற்றியவை. இந்த இடைவெளிக்குக் காரணம் இருந்தது. நெருக்கடி நிலை அரசமைப்பின் 352ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்டு நாடாளுமன்றத்தின் ஒப்புதலையும் பெற்றது. அக்காலத்தில் சட்டவிரோதக் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றமே 1976 ஏப்ரலில் தீர்ப்பளித்திருந்தது. சட்டத்தின் வழியாகவே நடந்த கொடுமைக்குத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு தேடுவது எளிதன்று என்பதால், கைக்கு அகப்பட்ட சிறு குற்றத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அதன் விளைவு மறுநாளே தெரிந்தது. காவலில் வைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறி மாஜிஸ்திரேட் அவரை நிபந்தனையின்றி விடுவித்தார். கைதின்போது தனக்குக் கைவிலங்கு போடச் சொல்லி வற்புறுத்திய இந்திரா, தில்லியிலிருந்து அரியானாவுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்ததால் வண்டியிலிருந்து இறங்கிச் சாலையோரத்தில் அமர்ந்துவிட்டார். ஏழு மாதங்களுக்கு முன்பு மக்கள் தண்டித்த ஒருவரை ஒரே இரவில் பாதிக்கப்பட்டவராக மாற்றிவிட்டது அந்தக் கைது. நெருக்கடி நிலை அத்துமீறல்களை அப்போது விசாரித்துவந்த ஷா ஆணையத்தின் அறிக்கை வரும்வரை உள்துறை அமைச்சர் சரண் சிங் பொறுத்திருக்கலாம் என்பதே என் கருத்து.

அடுத்து, விசாரிப்பது ஆணையமா நீதிமன்றமா என்று பிரித்தறியுங்கள். செய்திகளில் இவை பெரும்பாலும் குழப்பப்படுகின்றன. முன்னாள் தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் 1977 மே மாதம் அமைக்கப்பட்ட ஆணையம், 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி இயங்கியது. அத்தகைய ஆணையம் உண்மையைக் கண்டறிந்து அறிக்கை தரலாம், தண்டிக்க இயலாது. அதன்முன் ஒருவர் அளிக்கும் வாக்குமூலத்தை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர வேறெந்த வழக்கிலும் அவருக்கெதிராகப் பயன்படுத்த முடியாது என்று அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகிறது. எனவே ஆணையத்தில் பரபரப்பாக வெளிவரும் சாட்சியம் அனைத்தையும் காவல்துறை மீண்டும் முதலிலிருந்து திரட்டியாக வேண்டும். இந்திராவோ ஆணையத்தின்முன் சத்தியப்பிரமாணம் எடுக்கவே மறுத்துவிட்டார்.

மூன்றாவதாக, நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஷா ஆணையத்தின் மூன்று அறிக்கைகளும் 1978இல் வந்தன. நெருக்கடி நிலைக் குற்றங்களை விரைந்து விசாரிப்பதற்கான சிறப்பு நீதிமன்ற மசோதா குறித்து உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் கருத்துரைத்தது. சட்டம் 1979இல் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூலையில் மொரார்ஜி தேசாய் அரசு கவிழ்ந்தது. 1980 ஜனவரியில் இந்திரா 353 இடங்களுடன் திரும்பி வந்ததும் வழக்குகள் கரைந்துபோயின. பி.வி. நரசிம்ம ராவ் வழக்கிலும் இதே மெதுவான நடையைக் காணலாம்: 1993ஆம் ஆண்டு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் எம்.பி.க்களுக்கு லஞ்சம் கொடுத்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2000இல் சிறப்பு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, 2002இல் தில்லி உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஒரு வழக்கு ஓர் ஆட்சிக்காலத்துக்குள் முடியாது என்று தோன்றினால், அடுத்த ஆட்சி அதை எப்படி நடத்தும் என்பதையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

நீதிமன்றம் தாமதிக்கும்போது பெரும்பான்மைக் கட்சிக்கு நாடாளுமன்றத்திலேயே தண்டித்துவிடும் ஆசை எழும். 1978 நவம்பரில் சிக்மகளூரில் வென்று வந்த இந்திராவை மக்களவை, நாடாளுமன்ற உரிமை மீறலுக்காக டிசம்பர் 19 அன்று உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கித் திகார் சிறைக்கு அனுப்பியது. மறுநாள் அவரை விடுவிக்கக் கோரி ஆதரவாளர் இருவர் பொம்மைத் துப்பாக்கியுடன் விமானம் கடத்தினார்கள். ஒரு வாரத்தில் அவர் வெளியே வந்தார். அத்தீர்மானத்தையே 1981இல் அடுத்த மக்களவை ரத்து செய்தது. வாக்குகளால் விதித்த தண்டனையை வாக்குகளே நீக்கின.

பதவிப் பாதுகாப்பு பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் பதவியில் இருக்கும்வரை குற்ற வழக்கிலிருந்து அரசமைப்பின் 361ஆம் பிரிவு விலக்களிக்கிறது. பிரதமருக்கு அவ்வாறு எதுவும் இல்லை. ஆனால் பதவிக்காலச் செயல்களுக்காக வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டியிருக்கலாம். அது பெறப்பட்டதா என்று பாருங்கள், பல வழக்குகள் அங்கேயே தடுக்கி விழுகின்றன. தீர்ப்பு வந்தால் தண்டனைக் காலத்தைக் கவனியுங்கள். இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறை என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவின்படி தகுதியிழப்பு வரும். மேல்முறையீட்டில் ‘தண்டனை நிறுத்திவைப்பு’ என்று செய்தி வந்தால் அவர் போட்டியிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. குற்றவாளி என்ற தீர்ப்புக்கே தடை கிடைத்தால்தான் தகுதியிழப்பு நீங்கும்.

கடைசியாக, மன்னிப்பு. தென்கொரியாவில் 1997 ஏப்ரலில் முன்னாள் அதிபர் சுன் டூ ஹ்வானுக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. அதே டிசம்பரில் அவர் பொதுமன்னிப்பில் வெளிவந்தார். 1980இல் அவருடைய ஆட்சியில் மரணதண்டனை விதிக்கப்பட்ட கிம் டே ஜுங், அப்போது அதிபராகத் தேர்வாகி அந்த மன்னிப்புக்கு இசைவளித்திருந்தார். எனவே சிறைத்தண்டனையோடு சேர்த்துச் சொத்துப் பறிமுதலையும் பாருங்கள்: சுன் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்ட 22,050 கோடி வோனில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல், 2021 நவம்பரில் அவர் இறக்கும்போதும் வசூலாகாமலே இருந்தது.