வீஎம் டிஸ்க் நிறைந்துவிட்டதா? முதலில் வீஜீஎஸ் பாருங்கள்

போன மாதம் கொக்குவிலில் ஒரு கடையின் கணக்கு வீஎம் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) திடீரென்று பில் போட மறுத்தது. டிஸ்க்கில் உள்ள இடத்தைக் காட்டும் டீஎஃப் கட்டளையை அடித்துப் பார்த்தால் ரூட், அதாவது சிஸ்டம் இருக்கும் முதன்மைப் பகுதி, 100 வீதம் நிறைந்திருந்தது. புது டிஸ்க் வாங்கவேண்டும் என்றுதான் கடைக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார், ஆனால் பங்கிடாமல் கிடக்கும் இடத்தைக் காட்டும் வீஜீஎஸ் கட்டளையை அடித்ததும் வீஃப்ரீ என்ற பத்தியில் ஏறக்குறைய 19 ஜீபி சும்மா கிடந்தது. உபுண்டு சேர்வர் இன்ஸ்டோலர் எல்வீஎம் (டிஸ்க் இடத்தை வொலியூம்களாகப் பங்கிடும் முறை) போடும்போது 40 ஜீபி டிஸ்க் என்றால் ரூட்டுக்குப் பாதியளவு கொடுத்துவிட்டு மிச்சத்தை வொலியூம் குரூப் என்ற பொதுச் சேமிப்பிலேயே விட்டுவிடும். அப்படிக் கிடந்தால் வொலியூமை நீட்டும் எல்வீஎக்ஸ்டெண்ட் ஒன்றே போதும், வீஎம்மை நிறுத்தக்கூடத் தேவையில்லை. கூட்டவேண்டிய அளவுக்கு முன்னால் பிளஸ் குறி போட மறக்காதீர்கள். கூடவே சின்ன ஆர் ஒப்ஷனையும் கொடுங்கள், அதுதான் உள்ளிருக்கும் ஃபைல்சிஸ்டத்தையும் சேர்த்துப் பெருப்பிக்கும். அதை விட்டால் வொலியூம் வளர்ந்திருக்கும், டீஎஃப் மட்டும் பழைய கணக்கையே காட்டும்.

வீஃப்ரீ பூச்சியம் என்றால்தான் வெளியிலிருந்து, அதாவது வீஎம்மை ஓடவிடும் ஹோஸ்ட் கணினியிலிருந்து, டிஸ்க்கைப் பெருப்பிக்கத் தொடங்கவேண்டும். வீஎம் நின்றிருந்தால் கியூஎமு-இமேஜ் ரிசைஸ், ஓடிக்கொண்டிருந்தால் வெர்ஷ் புளொக்ரிசைஸ். ஓடும் வீஎம்மின் இமேஜில் (அதன் டிஸ்க்காக இருக்கும் ஃபைலில்) முதலாவதைக் கை வைக்கவே வேண்டாம், டேட்டா பழுதாகும். எதைச் செய்யமுதலும் ஒரு பக்அப் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பாருங்கள்.

இதோடு வேலை முடியவில்லை. பக்கத்துக் காணியை வாங்கினாலும் வேலியைத் தள்ளிப் போட்டால்தானே வளவு பெருக்கும்? அந்த வேலிதான் பார்டிசன், டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் எல்லை. வீஎம்முக்குள் போய், பார்டிசனை நீட்டும் குரோபார்ட் கட்டளையைக் கொடுங்கள். டிஸ்க் பெயருக்கும் பார்டிசன் எண்ணுக்கும் நடுவே ஒரு இடைவெளி விடவேண்டும், ஒட்டி எழுதினால் ஓடாது, நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. அப்புறம் கூடிய இடத்தை எல்வீஎம்முக்குத் தெரிவிக்கும் பீவீரிசைஸ், பிறகு மேலே சொன்ன எல்வீஎக்ஸ்டெண்ட்.

ஒரேயடியாக அள்ளிக் கொடுக்காதீர்கள், 10 ஜீபி போதுமென்றால் 10 மட்டும். எக்ஸ்எஃப்எஸ் வகை ஃபைல்சிஸ்டத்தைக் கூட்டலாம், நடைமுறையில் குறைக்க வழியில்லை. ஈஎக்ஸ்டீ4 வகை குறையும், ஆனால் அன்மவுண்ட் செய்துவிட்டு, உள்ளிருந்து வெளியே தலைகீழ் வரிசையில் போகவேண்டும். வரிசை பிழைத்தால் டேட்டா போய்விடும்.

கியூகவ்2 வகை இமேஜ் வைத்திருப்பவர்கள் ஹோஸ்டையும் பாருங்கள். 100 ஜீபி என்று சொன்னாலும் எழுத எழுதத்தான் அந்த ஃபைல் வளரும், அதனால் 500 ஜீபி டிஸ்க்கில் எட்டு வீஎம் போட்டாலும் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. ஹோஸ்ட் நிறைந்த அன்று எழுதப்போன வீஎம்கள் போஸ் ஆகி நிற்கும். வீஎம்முக்குள் ஃபைலை அழித்தாலும் ஹோஸ்ட்டில் இடம் தானாகத் திரும்பாது. டிஸ்க் செட்டிங்கில் டிஸ்கார்டை அன்மப் என்று வைத்து, உள்ளே, வெறுமையான இடத்தைத் தெரிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளையை ஓடவிட்டால்தான் திரும்பும்.