யார் மேல தப்பு என்று கேட்காதீர்கள்: கவுன்சிலிங் வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் என் அறைக்கு வரும் தம்பதிகள் உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "நீங்களே சொல்லுங்க ஸார், யார் மேல தப்பு?" ஒருத்தர் போனை எடுத்து வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவார், இன்னொருத்தர் வளைகாப்பு அன்றைக்கு அத்தை என்ன சொன்னாங்க என்று ஆரம்பிப்பார், ரெண்டு பேரும் சாட்சி சொல்லி முடித்து என் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு ஆலமரத்தடியில் சொம்போடு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். நான் பார்க்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு எண்ணத்தில்தான் தொடங்குகிறது. இது பஞ்சாயத்து இல்லை. தீர்ப்பு வாங்கிப் போனால் ஜெயித்தவரும் தோற்றவரும் அதே வீட்டில், அதே கட்டிலில்தானே படுக்க வேண்டும்?

சரி, தீர்ப்பு சொல்லாமல் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்கலாம். சண்டை எதைப் பற்றி என்பதை விட, அது எப்படி நடக்கிறது என்று பார்க்கிறேன். முக்கூடல் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பத்து வருஷமாக மும்பையில் கடையில் வேலை, அவள் பீடி சுற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, ஒற்றை ஆளாக வீட்டை ஓட்டியவள். அவர் ஊரோடு வந்துவிட்டார். இப்போது கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவதில்கூட சண்டை. அவள் ஒன்று கேட்கிறாள், அவர் பேசாமல் இருக்கிறார், அவள் சத்தமாகக் கேட்கிறாள், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார், திரும்பி வரும்போது அவள் ஏசக் காத்திருக்கிறாள். அவர் கதையில் 'இவ ஏசுறதாலதான் வெளிய போறேன்', அவள் கதையில் 'இவரு வெளிய போறதாலதான் ஏசுறேன்'. ரெண்டுமே உண்மை. இந்தச் சுற்றை ரெண்டு பேரும் ஒன்றாகப் பார்க்கும்படி செய்வதுதான் என் பாதி வேலை. மீதிப் பாதி பயிற்சி: தினமும் பத்து நிமிஷம் ஒருத்தர் பேச, மற்றவர் பதில் சொல்லாமல், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். முதல் வாரம் பெரும்பாலும் யாராலும் முடிவதில்லை.

நம்ம பக்கம் சடவு என்று ஒரு சொல் உண்டே. உடம்பு அயர்ந்தாலும் சடவு, ஒருத்தர் மேல் மனம் விட்டுப்போனாலும் சடவு. என் அறைக்குள் அது ரெண்டும் சேர்ந்தேதான் வரும். தூக்கமில்லாத ஒருத்தியிடம் போய் புருஷனைப் புரிந்துகொள் என்று சொல்லி என்ன பிரயோஜனம்.

அடுத்தது கூட்டம் சேர்த்துக்கொண்டு வருவது. அண்ணன், மதினி, சித்தப்பா என்று ஒரு வேன் ஆட்கள். வெளியில் உட்காருங்கள் என்றால் கோபம் வருகிறது. மறுநாள் பெண்ணின் அப்பா போன் போட்டு "மாப்ள என்ன சொன்னாரு?" என்பார். சொல்ல மாட்டேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆவது பிரிவு, சிகிச்சைக்கு வந்தவரின் விஷயம் வெளியே போகாமல் இருப்பதை அவருடைய உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளில் மட்டும்தான் விலக்கு. இதற்கு நேர்மாறாக, தனியாகக் கூப்பிட்டு "இதை அவகிட்ட சொல்லிராதீங்க" என்று ஒரு ரகசியத்தை என் மடியில் கட்டிவிடப் பார்ப்பவர்களும் உண்டு. ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒருத்தருடைய ரகசியத்தை நான் சுமந்தால் மற்றவருக்குத் துரோகம் செய்கிறேன், அதனால் ரகசியம் சுமக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

லீவில் வந்தவர்கள் கடைசி வாரத்தில் வருவது இன்னொன்று. துபாய்க்கு டிக்கெட் போட்டாயிற்று, வியாழக்கிழமை விமானம், திங்கட்கிழமை என் முன்னால். லீவு தொடங்கிய வாரமே வந்தால் நேரில் சில தடவை பார்த்துவிட்டு அப்புறம் வீடியோவில் தொடரலாம்.

அடி உதை இருக்கும் வீட்டில் சேர்ந்து கவுன்சிலிங் வேண்டாம். இங்கே அவள் வாய்திறந்து சொன்னதற்கு வீட்டில் போய் வாங்கிக் கட்டிக்கொள்வாள். அங்கே முதல் வேலை பாதுகாப்பு: பெண்களுக்கான உதவி எண் 181, குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டம். இதை மட்டும் "அனுசரிச்சுப் போ" என்று மூடிவைக்கும் சொந்தக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

ஆண்களோ, தனியாக லேசில் வருவதே இல்லை. "எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்பார்கள், பைத்தியத்தைத்தான் நம்ம பக்கம் கோட்டி என்போம். நெஞ்செரிச்சல், முதுகுவலி, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு என்று ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக் காசைக் கரைத்துவிட்டுக் கடைசியாக வருவார்கள். ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை, தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும், அதைப் பார்த்துவிடுவது நல்லது. சுடலைமாடன் கொடைக்குப் போவதையும் நான் தடுப்பதில்லை, சாமி முன்னால் அழுதுவிட்டு வருவதில் ஓர் ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கயிறு கட்டிய கையோடு மாத்திரையை நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரை வேலையைக் காட்டவே ரெண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கக்கேடும் வரலாம். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர், கவுன்சிலர் இல்லை. எழுதிக்கொடுக்கும் கவுன்சிலர் கிடைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. சாகலாம் என்ற நினைப்பு வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அடியுங்கள், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசில்லை.

ஒரே தடவை வந்துவிட்டு "ஒண்ணும் மாறல" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சைக்கே வழக்கமாக 6 முதல் 20 அமர்வு வரை ஆகும்.

முதல் நாள் வரும்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். மதினி வீட்டிலேயே இருக்கட்டும்.