மர வீட்டில் தரை தொய்ந்தால்: புதிதாகக் குடிவருபவர்களுக்கு

காங்கிரீட் தளத்திலேயே நடந்து பழகியவர்களுக்கு, காலடியில் தரை லேசாக அமுங்கி எழுந்தால் பகீரென்றுதான் இருக்கும். மர வீட்டில் கொஞ்சம் அசைவு சகஜம். ஆனால் நீங்கள் நடக்கும்போது அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தால், கதவு நிலையில் இடித்தால், தரையில் வைத்த கோலிக்குண்டு தானாக உருண்டால், கீழே இறங்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

வாடகை வீடா? கை வைக்காதீர்கள். படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள், பழுது பார்ப்பது அவர் பொறுப்பு.

சொந்த வீடு என்றால் பேஸ்மென்டில், அதாவது வீட்டுக்கு அடியில் உள்ள நிலத்தடி அறையில், டார்ச் அடித்துப் பாருங்கள். தரைப் பலகையைத் தாங்கி வரிசையாக ஓடும் மரச் சட்டங்கள்தான் ஜாய்ஸ்ட், பல வீடுகளில் 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். சந்தேகப்படும் சட்டத்தின் அடிவிளிம்பில் இரண்டு கோடியிலும் ஒரே கனமுள்ள சின்னக் கட்டையை வைத்து நூல் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி கட்டையின் கனத்தைவிட எவ்வளவு குறைகிறதோ அதுதான் தொய்வு.

அப்புறம் ஏன் தொய்ந்தது என்று தேடுங்கள். எங்கள் வீட்டில் குளியலறைக்குக் கீழே இருந்த சட்டம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினேன், ஈர மண்ணில் குத்தியதுபோல ஒரு அங்குலம் உள்ளே போய்விட்டது. மேலே குழாய் மாதக்கணக்கில் கசிந்து மரம் இற்றுப்போயிருந்தது. பக்கத்துச் சட்டத்தையோ முன்பு குழாய் பதித்த யாரோ நட்டநடுவில் பாதி ஆழத்துக்கு வெட்டியிருந்தார்கள், அதைப் பார்த்தபோது உண்மையிலேயே கோபம் வந்தது. சட்டத்தின் நீளத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப்பங்கில் வெட்டவே கூடாது. துளை போடுவதானாலும் மேல் கீழ் விளிம்புகளிலிருந்து 2 அங்குலமாவது தள்ளித்தான், அதுவும் துளையின் விட்டம் சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல்.

கசிவை நிறுத்தாமல் புது மரம் வைத்தால் அதுவும் மக்கும். நிறுத்தி, காயவிட்டு, பிறகுதான் வேலை. வழக்கமான வழி, பழைய சட்டத்தோடு அதே உயரமுள்ள புதுச் சட்டத்தை ஒட்டிச் சேர்ப்பது, தச்சர்கள் இதை சிஸ்டரிங் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே கட்டுமானப் பசை, மேலும் கீழும் மாற்றி மாற்றி போல்ட் அல்லது பாரம் தாங்கும் ஸ்க்ரூ. ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் ஸ்க்ரூ வேண்டாம், பட்டென்று முறிந்துவிடும். புதுச் சட்டம் முடிந்தவரை முழு நீளத்துக்கு ஓடி, இரு கோடியிலும் பழையது உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே உட்கார வேண்டும். நடுவில் மட்டும் துண்டு வைத்தால் கோடியில் இற்றுப்போன மரத்துக்கு ஒரு பயனும் இல்லை.

புதுச் சட்டத்தைச் சேர்க்கும் முன் தொய்ந்ததைத் தூக்குவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு உத்திரம் கொடுத்து, கீழே தடித்த பலகை மேல் ஜாக் வைத்து முட்டுக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். வருடக்கணக்கில் மெல்ல இறங்கிய தரையை ஒரே மதியத்தில் நிமிர்த்தினால் மாடிச் சுவர் விரிசல் விடும், குழாய் இணைப்பு கழன்றுகொள்ளும். முழுவதும் மட்டமாக வராவிட்டாலும் பரவாயில்லை, இனி இறங்காமல் இருந்தால் போதும்.

பல சட்டங்கள் பழுதென்றாலோ, மேலே பாரம் தாங்கும் சுவர் இருந்தாலோ, உங்கள் சட்டம் இங்கிலீஷ் 'ஐ' எழுத்து வடிவத்தில் இருந்தாலோ, முதலில் கட்டட இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். நிரந்தரமாகத் தூண் வைப்பதற்கும் அவர் கணக்கு வேண்டும், பேஸ்மென்டின் மெல்லிய தரை மேல் அப்படியே நிறுத்தினால் தரையைப் பெயர்த்துக்கொண்டு இறங்கும். பெர்மிட் தேவையா என்று உள்ளூர் கட்டட அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்து சீலிங்கை மூடும் முன் ஒவ்வொரு சட்டத்தையும் அளவோடு படம் எடுத்து வையுங்கள். அடுத்து குழாய் பதிக்க வருபவர் ரம்பத்தை எடுக்கும் முன் அவர் கையில் அதைக் கொடுங்கள்.