மங்கிய வெளிச்சத்துக்கும் பனிக்கும் எந்த ரெட்டிகிள் (துப்பாக்கியின் ஸ்கோப் எனும் தொலைநோக்கிக்குள் தெரியும் குறிக்கோடு)?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் இந்தியாவில் வேட்டைக்குத் தடை. ஆகவே இது, முறையான அனுமதியோடு பின்லாந்து, சுவீடன் பக்கம் வேட்டைக்குப் போகும் டெல்லித் தமிழர்களுக்கு.

வெண்பனிமேல் எந்தக் கறுப்புக் கோடும் தெரியும். அதே கோடு விலங்கின் கருத்த உடம்பிலோ மரநிழலிலோ விழுந்தால்தான் வம்பு. மெல்லிய குறுக்குக்கோடு காணாமலே போய்விடும். அதனால் ஜெர்மன் 4 வகையைப் பாருங்கள்: மூன்று பக்கம் தடித்த கம்பம், நடுவில் மெல்லிய கோடு, ஒளிரும் சிவப்புப் புள்ளி. புள்ளி அணைந்தாலும் கம்பங்களை வைத்துக் குறி பிடிக்கலாம். கட்டம் கட்டமாகக் கோடு நிறைந்தவை அந்தியில் வெறும் குப்பை.

முதல் குவியத்தள ஸ்கோப்பில் ஜூமைக் குறைத்தால் கோடும் மெலியும். இந்த வேலைக்கு, ஜூம் மாறினாலும் கோட்டின் தடிமன் மாறாத இரண்டாம் குவியத்தள வகையே மேல். 56 மி.மீ. முன்லென்ஸ், 8 மடங்கு ஜூமில் கண்ணுக்கு 7 மி.மீ. அகல ஒளிக்கற்றை தரும். இருட்டில் விரிந்த கண்மணிக்கு அதற்குமேல் பயனில்லை.

கடை டியூப்லைட்டை நம்பாதீர்கள். துப்பாக்கியில் மாட்டாமல் ஸ்கோப்பை மட்டும், ஜனவரியில் மாலை ஆறு மணிவாக்கில் வாசலுக்குக் கொண்டுவந்து வேப்பமரத்தின் அடர்ந்த இருளைப் பாருங்கள். புள்ளியின் வெளிச்சத்தை ஆகக் குறைத்தும் கண் கூசுகிறதா? வேண்டாம். நண்பகல் வெள்ளைச் சுவரில் முழு வெளிச்சத்திலும் புள்ளி தெரியவில்லையா? பனிக்கு உதவாது.

கடுங்குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும். மாற்று பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும்.