எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாமல் லாரி ஹெட்லைட்டை மேம்படுத்துவது எப்படி?

இரவில் வெளிச்சம் போதவில்லை என்று தோன்றியவுடன் லாரி உரிமையாளர்கள் பலரும் முதலில் செய்வது, ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே ஹோல்டரில் எல்இடி பல்ப் ஒன்றைச் சொருகுவதுதான். வண்டிக்கு முன்னே சாலை வெள்ளை வெளேரென்று தெரிவதால் ஓட்டுநருக்குத் திருப்தியாகவே இருக்கும். ஆனால், அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு எதிரே வரும் இருசக்கர வாகன ஓட்டியின் முகத்தில் விழுவதை அவர் கேபினில் இருந்தபடி பார்க்க வாய்ப்பில்லை.

நம் ஊர் லாரிகள் பலவற்றில் இருப்பது எச்4 வகை பல்ப். 24 வோல்ட் வண்டிக்கு அதன் அளவு 75/70 வாட். ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் பிரைட்டுக்கும் டிம்முக்கும் தனித்தனி இழைகள் இருக்கும். டிம் இழையின் அடியில் கரண்டி போன்ற சிறு உலோகத் தகடு ஒன்று, ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாதபடி மறைத்து நிற்கிறது. டிம் போட்டால் சுவரில் மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாகத் தெளிவான கோடு விழுவதற்கு அந்தத் தகடே காரணம். இழை இருக்க வேண்டிய இடம் மில்லிமீட்டர் கணக்கில் பிசகினாலும் கோடு கலைந்து ஒளி மேலே சிதறும். தட்டையான சட்டத்தின் இரு பக்கமும் சில்லுகள் பதித்த மலிவு எல்இடி பல்புகளில் நடப்பது இதுதான். ஹாலோஜனுக்கு என்று செய்த ரிஃப்ளெக்டரில், இழைக்குப் பதில் வாயுவில் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் எச்ஐடி (செனான்) பல்ப் போட்டாலும் கதை அதேதான்.

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன் இருக்கிற பல்புக்குச் சேர வேண்டிய மின்சாரம் சேருகிறதா என்று பார்ப்பது நல்லது. ஹாலோஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். இன்ஜினை ஓடவிட்டு, டிம் எரியும்போது பேட்டரி முனைகளிலும் பல்பின் பின்புறக் கனெக்டரிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 28 வோல்ட்டும் பல்பில் 25 வோல்ட்டும் காட்டினால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை வயரிங்கே விழுங்கிவிட்டது என்று பொருள். ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வரும் மெல்லிய வயரும், துருப்பிடித்த எர்த்தும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இதற்குத் தீர்வு, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு 24 வோல்ட் ரிலேக்கள், அதாவது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்சுகள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பழைய ஹெட்லைட் வயரை ரிலேயின் 86ஆம் முனைக்கும், எர்த்தை 85க்கும், பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக வரும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை 30க்கும் கொடுத்து, 87இலிருந்து பல்புகளுக்கு எடுக்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ட்டை முடுக்க வேண்டும். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து விளக்கு போடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது இரண்டு பேட்டரிகளும் சமமாக சார்ஜ் ஆவதைக் கெடுத்து அவற்றின் ஆயுளைக் குறைத்துவிடும்.

அடுத்தது கண்ணாடி. மஞ்சளித்த பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் 800, 1500, 2000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புறஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் அடித்தால் தெளிந்துவிடும். ரிஃப்ளெக்டரின் உள்பூச்சு கறுத்திருந்தால் தேய்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

புது பல்ப் போடுவதானால் அதே வாட்டில் தரமான ஹாலோஜன் போதும். 100/90 வாட் பல்ப் ஹோல்டரை உருக்கும், பூச்சையும் எரித்துவிடும். கண்ணாடிக் குமிழில் விரல் படக் கூடாது. பல்பின் அடித்தகட்டில் நீட்டியிருக்கும் மூன்று காதுகளும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்து, கம்பிக் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பல்ப் சற்றே சாய்ந்து உட்கார்ந்தாலும் ஒளி சிதறும்.

எல்இடிதான் வேண்டும் என்பவர்கள், எல்இடிக்கென்றே வடிவமைத்துச் சான்று பெற்ற முழு ஹெட்லைட்டையே மாற்றுவது சரி. இறக்குமதிப் பொருள் என்றால், இடப்பக்கப் போக்குவரத்துக்கு உரியதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஐரோப்பியச் சான்று உள்ள விளக்குகளில், விளக்கை நேரே பார்த்து நின்றால் நம் வலப்புறம் நோக்கிய அம்புக்குறி இதற்கான அடையாளம். அம்புக்குறியே இல்லாதது வலப்பக்கப் போக்குவரத்து நாடுகளுக்கானது. அதன் ஒளி நம் சாலையில் நேரே எதிர் வண்டியை நோக்கி ஏறும். சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒளியின் சாய்வு. அதைச் சரிபார்க்கக் காசு செலவில்லை; ஆனாலும் பெரும்பாலோர் செய்வதில்லை. டயர்களில் சரியான காற்றுடன், சமதளத்தில், சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். வழக்கமாக ஏற்றும் லோடு வண்டியில் இருக்கட்டும். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதால், காலி வண்டியில் வைத்த அளவு லோடு ஏறியதும் மேலே போய்விடும். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடும், அதற்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடும் சாக்பீஸால் போடுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் நேரே ஒரு செங்குத்துக் கோடும் வேண்டும். ஒரு விளக்கைச் சாக்குத் துணியால் மூடிவிட்டு மற்றதை டிம்மில் எரியவிட்டு, சுவரில் விழும் ஒளியின் வலப்பாதி மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் படியும்வரை, அந்த விளிம்பு இடப்புறமாக மேலேறத் தொடங்கும் மடிப்பு செங்குத்துக் கோட்டுக்கு நேரே வரும்வரை ஹெட்லைட்டின் சாய்வைச் சரிசெய்யும் திருகுகளைத் திருப்ப வேண்டும். ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள விளக்கை 10 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் தாழ்த்தினால், ஒளியின் விளிம்பு 50 மீட்டரில் தரையைத் தொடும். ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழைய வழக்கம் இந்த வேலைக்கு ஈடாகாது.

கூடுதல் ஃபோகஸ் விளக்குகள் இருந்தால், அவை பிரைட்டுடன் மட்டுமே எரிந்து, டிம் போட்டதும் தாமாக அணையும்படி ரிலேயில் இணைத்திருக்க வேண்டும். கேபின் கூரை மேல் வைக்கும் விளக்குகளுக்குப் பொதுச் சாலையில் இடமே இல்லை என்பது என் கருத்து.

கடைசிச் சோதனையை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106ஆவது விதியே சொல்லித் தருகிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னே, வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் வெளியே, 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை அந்த ஒளி கூசச் செய்யக் கூடாது. இருட்டிய பிறகு ஒருவரை டிம் போடச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் நீங்களே நின்று பாருங்கள். கண் சுருங்கினால் மீண்டும் சுவருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஸ்பிரிங் பட்டை மாற்றினாலும், முன்பக்கம் இடிபட்டுப் பழுது பார்த்தாலும், இந்த அளவை மறுபடி எடுக்க வேண்டும்.