ட்ரைட்டன் கட்டுகிறீர்களா? பிளேட் வெட்டும் முன் டயரை வாங்குங்கள்

நார்ட்டன் ஃபெதர்பெட் ஃபிரேமுக்குள் ட்ரையம்ஃப் எஞ்சினை உட்கார வைத்தால் அதுதான் ட்ரைட்டன். மெக்காண்ட்லஸ் சகோதரர்கள் வடிவமைத்து, 1950-இல் நார்ட்டன் பந்தய வண்டிகளில் வந்த ஃபிரேம் அது. கட்டுகிறவர்கள் பலர் எஞ்சினை ஏற்றி முடித்துவிட்டு டயருக்குக் கடைசியில்தான் வருவார்கள். சிக்கல் அங்கேதான். பின் டயர் எவ்வளவு அகலம் போகலாம் என்பதைச் செயின் ஓடும் கோடு தீர்மானிக்கிறது. அந்தக் கோடு எஞ்சின் பிளேட்டில், அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஃபிரேமோடு இணைக்கும் தகட்டில், முடிவாகிவிடுகிறது.

ஆகவே, போடப்போகும் டயரோடு இரண்டு சக்கரங்களையும் மாட்டி நூல் பிடித்து நேர் பாருங்கள். பிறகு 6 மிமீ பிளைவுட்டில் மாதிரி பிளேட் வெட்டி, வெற்று கிராங்க்கேஸையும் (எஞ்சினின் அடிக்கூடு) கியர்பாக்ஸ் கூட்டையும் அதில் நிறுத்துங்கள். 1962 வரை வந்த பிரீ-யூனிட் 650 சிசி ட்ரையம்ஃப் என்றால் எஞ்சின் வேறு, கியர்பாக்ஸ் தனி. அதன் அட்ஜஸ்ட்மென்ட் காடியின் நடுவில் வைத்தே குறி போடவும். இல்லாவிட்டால் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஓடும் பிரைமரி செயினுக்கு 12 மிமீ தொய்வு வைக்கக் காடி போதாது.

எஞ்சின் எவ்வளவு தாழ்வாகவும் முன்னாலும் போகிறதோ அவ்வளவு நல்லது, முன்சக்கரம் தரையைப் பிடிக்கும். ஆனால் அந்தச் செயினை மூடும் பிரைமரி கேஸின் நீளம் மாறாது. எஞ்சின் நகர்ந்தால் கியர்பாக்ஸும் கூடவே வரும். கியர்பாக்ஸில் உள்ள முன் ஸ்பிராக்கெட் (செயின் பல்சக்கரம்) ஸ்விங் ஆர்ம் பிவட்டை, அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஏறி இறங்கும் அச்சை, விட்டு விலக விலக, பள்ளம் மேட்டில் பின் செயின் விறைத்து விறைத்துத் தளரும். டைனமோ உள்ள எஞ்சின் என்றால் அது முன் குழாயில் முட்டுகிறதா பாருங்கள். மேலே, ராக்கர் பாக்ஸ் (வால்வை இயக்கும் பாகங்களின் கூடு) வெளியே வர இடம் விடுங்கள். விடாவிட்டால் கேஸ்கெட் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டிவரும்.

இனி செயின் லைன், அதாவது செயின் ஓடும் கோடு. நேரான அலுமினியப் பட்டையைப் பின் ஸ்பிராக்கெட்டின் முகத்தில் ஒட்டி நீட்டினால் முன் ஸ்பிராக்கெட்டையும் அப்படியே தொட வேண்டும். 1 மிமீக்கு மேல் விலகினால் ஸ்பேசர் திருத்துங்கள். ஃபிரேமின் நடுவிலிருந்து எஞ்சின் ஓரிரு மிமீ தள்ளி இருந்தால் குடி முழுகாது. ஆனால் செயின் கோணினால் ஸ்பிராக்கெட் பற்கள் தேயும். செயினுக்கும் டயருக்கும் குறைந்தது 6 மிமீ வேண்டும், வேகத்தில் இரண்டுமே அலையும்.

எல்லாம் பொருந்திய பிறகுதான் கால் அங்குல டியூரலுமின் (உறுதியான அலுமினியக் கலவை) தகட்டில் பிளேட் வெட்டுவது. சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஃபிரேமுக்குப் போகும் தாங்குபட்டையான ஹெட் ஸ்டெடியை விட்டுவிடாதீர்கள். இந்த இரட்டை சிலிண்டரில் பிஸ்டன்கள் சேர்ந்தே ஏறி இறங்கும், அதிர்வு பலம். ஸ்டெடி இல்லாத வண்டியில் பிளேட்டில் போல்ட் ஓட்டையைச் சுற்றி மெல்லிய விரிசல் ஓடும்.

முன்னே 1.85 அங்குல ரிம்மில் 90/90-19, பின்னே 2.15-இல் 100/90-19 போதும் (முதல் எண் மிமீயில் அகலம், அடுத்தது அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம், கடைசி அங்குலத்தில் ரிம் விட்டம்). 130 டயர் ஆசை வேண்டாம். குறுகிய ரிம் அதைக் கிள்ளிப் பிடித்து முதுகை உருட்டிவிடும், செயினிலும் உரசும். பின்னே 18 அங்குல ரிம் போட்டு அதே 100/90 மாட்டினால் பின்பக்கம் 12.7 மிமீ இறங்கும். ஃபோர்க் சுமார் அரை டிகிரி படுக்கும், ஹேண்டில் மந்தமாகும், சைலென்சர் சீக்கிரம் தரையைத் தொடும்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். டயரின் மேல்பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் வயதாகி இறுகிப்போன ரப்பர் ஈரத்தில் நழுவும். பழைய இருப்பு என்று மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.